சீன நுகர்வோரும் வெளிநாட்டு பிராண்டுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனாவில் பொருள் விற்க வழி தேடும் ஏற்றுமதியாளர்களும் பன்னாட்டு வணிகம் படிக்கும் மாணவர்களும் அந்தச் சந்தையைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கடந்த நாற்பது ஆண்டுகளில் அங்கே நடந்தவற்றைக் கொண்டே அவற்றுக்கு இங்கு விடை எழுதியிருக்கிறேன். ஹாங்காங், தைவான் சந்தைகளின் விதிகள் வேறு. இங்கே பேசப்படுவது சீனப் பெருநிலப்பரப்பு மட்டுமே.

வெளிநாட்டுப் பெயர் இருந்தாலே சீனாவில் பொருள் விற்றுவிடும் என்கிறார்களே, உண்மையா?

ஒரு காலத்தில் பெருமளவு உண்மையாக இருந்தது, இன்று இல்லை. 1987 நவம்பரில் பெய்ஜிங்கின் சியென்மென் பகுதியில் கே.எஃப்.சி. தன் முதல் சீனக் கடையைத் திறந்தபோது மக்கள் வரிசையில் நின்று கோழி வாங்கினார்கள். 1980களின் நடுவில் ஷாங்காயில் ஃபோக்ஸ்வாகன் கூட்டு நிறுவனம் தயாரிக்கத் தொடங்கிய சான்டானா காருக்கும், 1988இல் குவாங்சோவுக்கு வந்த பிராக்டர் அண்ட் கேம்பிளின் ஷாம்புக்கும் எதிரே நின்று போட்டியிட உள்ளூர்ப் பொருள் அநேகமாக இல்லை. வெளிநாட்டுப் பெயரே தரத்துக்கும் அந்தஸ்துக்கும் சான்றாக ஏற்கப்பட்ட காலம் அது.

பல ஆண்டுகள் சீனாவில் அதிகம் விற்ற கார் பிராண்டாக இருந்த ஃபோக்ஸ்வாகனை 2023இல் சீன நிறுவனமான பி.ஒய்.டி. முந்திவிட்டது. விளையாட்டு உடை நிறுவனமான லி நிங், 2018 பிப்ரவரியில் நியூயார்க் ஃபேஷன் வாரத்தில் தன் பெயரையும் நாட்டின் பெயரையும் சீன எழுத்துகளிலேயே மார்பில் தாங்கிய உடைகளை மேடையேற்றியபோது, சீன எழுத்து பொறித்த சட்டையை மலிவானது என்று ஒதுக்கிய இளைஞர்களே அதைத் தேடி வாங்கத் தொடங்கினார்கள். இன்று இருபது வயதில் இருக்கும் சீன நுகர்வோர் தரமான உள்ளூர்ப் பொருட்களுக்கு நடுவே வளர்ந்தவர். 'இது வெளிநாட்டுச் சரக்கு' என்ற ஒரு வரியை நம்பி அவரிடம் கூடுதல் விலை கேட்க முடியாது.

பிறகு ஏன் பால் பவுடர் போன்ற பொருட்களில் வெளிநாட்டு பிராண்டையே தேடினார்கள்?

அதற்குக் காரணம் 2008. ஹெபெய் மாகாணத்தின் ஷிஜியாசுவாங் நகரில் இயங்கிய சன்லு நிறுவனத்தின் குழந்தைப் பால் பவுடரில் மெலமின் என்ற வேதிப்பொருள் கலந்திருந்தது அந்த ஆண்டு செப்டம்பரில் வெளிவந்தது. பாலில் தண்ணீர் கலந்தால் புரத அளவு குறையும். ஆனால் வழக்கமான சோதனை புரதத்தை நேரடியாக அளக்காமல் நைட்ரஜனை அளந்து கணக்கிடுவதால், நைட்ரஜன் மிகுந்த மெலமினைச் சேர்த்தால் நீர்த்த பாலும் சோதனையில் தேறிவிடும். இந்தக் கலப்படத்தால் ஆறு குழந்தைகள் இறந்தன. ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகள் சிறுநீரகப் பாதிப்புக்கு உள்ளாயின. சன்லுவோடு அது நிற்கவில்லை; பெயர்பெற்ற வேறு பல உள்ளூர் நிறுவனங்களின் பாலிலும் மெலமின் கண்டுபிடிக்கப்பட்டது.

பெற்றோர் இறக்குமதி டின்களின் பக்கம் திரும்பியது அதன் பிறகுதான். வெளிநாடு செல்லும் உறவினர்களிடம் சொல்லிவிட்டு வாங்கினார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் படிக்கும் சீன மாணவர்கள் கடைகளில் டின்களை வாங்கித் தபாலில் அனுப்புவதையே தொழிலாக நடத்தினார்கள். ஹாங்காங்கில் உள்ளூர்த் தாய்மார்களுக்கே பால் பவுடர் கிடைக்காத நிலை வந்து, 2013 மார்ச் முதல் எல்லையைக் கடக்கும் ஒருவர் 1.8 கிலோவுக்கு மேல், அதாவது இரண்டு டின்களுக்கு மேல், எடுத்துச் செல்லக் கூடாது என்று அரசு தடை போட்டது.

இதைச் சந்தைப்படுத்தல் வெற்றியாகக் காட்டும் பாடங்களைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அந்தப் பெற்றோர் வாங்கியது பாதுகாப்பை. வெளிநாட்டு மோகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. சன்லு நிறுவனத்தில் நியூசிலாந்தின் பால் நிறுவனமான ஃபான்டெராவுக்கே 43 சதவீதப் பங்கு இருந்தது என்பதை நினைத்தால், வெளிநாட்டுத் தொடர்பு தானாகப் பாதுகாப்பைத் தந்துவிடவில்லை என்பதும் விளங்கும். பின்னால் நடந்ததும் அதையே காட்டுகிறது. 2018 முதல் ஒவ்வொரு பால் பவுடர் கலவையும் அரசிடம் பதிவு பெற வேண்டும், ஒரு தொழிற்சாலை அதிகபட்சம் மூன்று வரிசைகளில் ஒன்பது கலவைகளையே தயாரிக்கலாம் என்று விதிகள் இறுகின. ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தில் வேரூன்றிய ஃபெய்ஹ நிறுவனம் 'சீனக் குழந்தையின் உடல்வாகுக்கு இன்னும் பொருத்தமானது' என்ற விளம்பரத்தோடும் நாடெங்கும் சிறு ஊர்களில் தாய்மார்களை நேரில் சந்திக்கும் கூட்டங்களோடும் களமிறங்கி, சில ஆண்டுகளில் சந்தையின் முதலிடத்துக்கு வந்தது. அச்சம் குறைந்தபோது வெளிநாட்டு டின்னின் இடமும் குறைந்தது.

உள்ளூர்ச் சுவைக்கு ஏற்ப எவ்வளவு தூரம் மாற வேண்டும்?

வாங்குபவர் கேட்கும் தூரம் வரை. ஆனால் அந்தத் தூரத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.

கே.எஃப்.சி.யின் சீனக் கடைகளில் காலையில் அரிசிக் கஞ்சியும், எண்ணெயில் பொரித்த யோவ்தியாவ் என்ற நீள மாவுத்துண்டும், சோயாப் பாலும் கிடைக்கும். போர்ச்சுகீசிய வகை முட்டை டார்ட் பல ஆண்டுகளாக நன்றாக விற்கும் பொருளாக இருக்கிறது. இவை அமெரிக்கத் தலைமையகம் அனுப்பிய பட்டியலிலிருந்து வந்தவை அல்ல. 1989இல் சேர்ந்து 2015 வரை சீன வணிகத்தை வழிநடத்திய சாம் சூ தைவானில் வளர்ந்தவர். அவருடைய குழுவில் சீன மொழியும் உணவும் பழகியவர்களே பெரும்பான்மை. எந்த உணவைச் சேர்ப்பது, எந்த ஊரில் கடை போடுவது, சரக்கு வண்டிகளையும் குளிர்க்கிடங்குகளையும் எப்படி அமைப்பது என்பதெல்லாம் ஷாங்காயிலேயே முடிவாயின. 2016இல் அந்தச் சீன வணிகம் யம் சீனா என்ற தனி நிறுவனமாகவே பிரிந்தது. 2023 டிசம்பரில் கே.எஃப்.சி. சீனாவில் தன் 10,000ஆவது கடையை ஹாங்சோவில் திறந்தது.

ஓரியோ பிஸ்கட்டின் கதை எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்குகிறது. 1996இல் அமெரிக்காவில் விற்ற அதே பிஸ்கட்டைக் கிராஃப்ட் நிறுவனம் சீனாவுக்குக் கொண்டுவந்தது. சுமார் பத்து ஆண்டுகள் விற்பனை நகரவில்லை. கடையை மூடிவிடலாமா என்ற பேச்சுகூட எழுந்தது. பிறகுதான் சீன நுகர்வோரிடம் உட்கார்ந்து கேட்டார்கள். இனிப்பு மிகவும் அதிகம், பொட்டலம் பெரியது, விலை கட்டுப்படியாகவில்லை என்று பதில் வந்தது. சர்க்கரையைக் குறைத்துப் பல மாதிரிகளைச் செய்து சுவைக்கக் கொடுத்தார்கள். சிறிய பொட்டலத்தில் விலையைக் குறைத்தார்கள். 2006இல் நீள்சதுர வேஃபர் வடிவத்தையும் கொண்டுவந்தார்கள். பிஸ்கட்டைப் பாலில் முக்கித் தின்னும் அமெரிக்க வழக்கம் சீனர்களுக்குப் புதியது என்பதால், கல்லூரி மாணவர்களை நியமித்து, ஓரியோ போலவே சக்கரம் மூடிய சைக்கிள்களில் பெய்ஜிங் தெருக்களைச் சுற்றவைத்து அதைப் பழக்கினார்கள். அந்த 2006இலேயே ஓரியோ சீனாவில் அதிகம் விற்கும் பிஸ்கட் ஆனது. வட்டமாக இல்லாத ஓரியோவைத் தலைமையகம் அனுமதித்ததுதான் இதில் பெரிய முடிவு என்பது என் எண்ணம்.

பெரிய நிறுவனங்களே தோற்றிருக்கின்றனவே, எதனால்?

காரணங்கள் பல. ஆனால் இ-பே நிறுவனத்தின் தோல்வியை நுணுக்கமாகப் பார்ப்பது மற்ற எல்லாவற்றையும் புரிந்துகொள்ள உதவும்.

இ-பே 2003இல் ஈச்நெட் என்ற ஷாங்காய் நிறுவனத்தை முழுவதுமாக வாங்கி முடித்தபோது சீன இணைய விற்பனையில் பெரும்பங்கு அதன் கையில் இருந்தது. அதே ஆண்டு மே மாதம் சீன இணைய வணிக நிறுவனமான அலிபாபா தாவ்பாவ் தளத்தைத் தொடங்கியது. இ-பே விற்பவர்களிடம் கட்டணம் வாங்கியது; தாவ்பாவ் வாங்கவில்லை. இ-பே, வாங்குபவரும் விற்பவரும் முன்கூட்டியே நேரடியாகப் பேசினால் வியாபாரத்தைத் தளத்துக்கு வெளியே முடித்துக்கொள்வார்கள் என்று அஞ்சியது. தாவ்பாவ் அரட்டைப் பெட்டியையே கொடுத்து, பேரம் பேசுங்கள் என்றது. முகம் தெரியாதவரிடம் எப்படிப் பணம் கொடுப்பது என்ற தயக்கத்துக்கு அலிபே வந்தது: வாங்குபவரின் பணம் இடையில் நிற்கும், பொருள் கைக்கு வந்து அவர் சரி என்ற பிறகே விற்பவருக்குப் போகும். இந்த நேரத்தில், 2004இல், இ-பே தன் சீனத் தளத்தை உலகத் தளத்தோடு இணைத்தது. சீனப் பயனர்களுக்காக உள்ளூர்க் குழு செய்துவைத்திருந்த வசதிகள் பல போயின. தளம் மெதுவாக இயங்கியது. சிறு மாற்றத்துக்கும் அமெரிக்காவின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. 2006 டிசம்பரில் இ-பே தன் தனிச் சீனத் தளத்தைக் கைவிட்டு, டாம் ஆன்லைன் என்ற நிறுவனத்தோடு கூட்டு சேர்ந்தது.

வீட்டைத் தாமே செப்பனிடுவோருக்குக் கருவிகளும் பொருட்களும் விற்கும் அமெரிக்க நிறுவனமான ஹோம் டிப்போ 2006இல் வந்து 2012இல் தன் கடைசிப் பெருங்கடைகளையும் மூடியது. சீன நகரங்களில் புதிய அடுக்குமாடி வீடுகள் பெரும்பாலும் பூச்சும் தரையும் இல்லாத வெற்றுச் சுவர்களாகவே கைமாறும். வாங்கியவர் ஒப்பந்தக்காரரை வைத்து எல்லா வேலையையும் செய்துகொள்வார். தானே துளைக்கருவி பிடித்து அலமாரி அடிக்கும் வழக்கம் அங்கே இல்லை; கூலியும் அன்று குறைவு. பார்பிக்காக ஷாங்காயின் ஹுவாய்ஹாய் சாலையில் 2009 மார்ச்சில் திறந்த ஆறு மாடிக் கடை இரண்டே ஆண்டுகளில் மூடப்பட்டது. அந்தப் பொம்மையோடு வளர்ந்த தாய்மார்கள் சீனாவில் இல்லாதபோது ஆறு மாடிகளை யாருக்காகக் கட்டினார்கள் என்பது நியாயமான கேள்வி.

சீனாவை ஒரே சந்தையாகக் கருதித் திட்டமிடலாமா?

கூடாது. ஷாங்காய், பெய்ஜிங், குவாங்சோ, ஷென்ஜென் ஆகிய நான்கு நகரங்களில் எடுத்த முடிவு உள்மாகாணத்துச் சிற்றூருக்குப் பொருந்தாது; வருமானம், வாடகை, கார விருப்பம், கடைக்குச் செல்லும் பழக்கம் அனைத்தும் மாறும். 2015இல் தொடங்கிய பின்துவோதுவோ என்ற இணைய விற்பனைத் தளம், பெரிய தளங்கள் அதிகம் பொருட்படுத்தாத சிறு நகரங்களிலும் விலையை எண்ணிப் பார்க்கும் குடும்பங்களிடமும் கூட்டுக் கொள்முதல் முறையில் வளர்ந்தது. புதிதாக வருபவர் ஒரு மாகாணத்தையோ ஒரு வகை வாடிக்கையாளரையோ தேர்ந்து தொடங்குவது நல்லது.

கூகுளும் ஃபேஸ்புக்கும் இல்லாத இடத்தில் விளம்பரம் எப்படிச் செய்வது?

ஃபேஸ்புக் 2009 முதல் அங்கே முடக்கப்பட்டிருக்கிறது. கூகுள் 2010இல் பெருநிலப்பரப்பின் தேடல் சேவையிலிருந்து விலகியது. அவற்றின் இடத்தில் ஒரே ஒரு மாற்று இருப்பதாக நினைத்துக்கொண்டு வருபவர்கள் தடுமாறுகிறார்கள். ஒவ்வொரு தளமும் வாங்குபவரின் மனநிலையில் வெவ்வேறு கட்டத்தைப் பிடித்து வைத்திருக்கிறது.

ஷாங்காயில் 2013இல் தொடங்கிய ஷியாவ்ஹொங்ஷு தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய முகக்கிரீம் ஒன்றைக் கேள்விப்பட்ட இளம்பெண் முதலில் செய்வது அங்கே அதன் பெயரைத் தேடுவது. எண்ணெய்ப் பசை உள்ள தோலில் எப்படி இருந்தது, இரண்டு வாரத்துக்குப் பிறகு என்ன ஆனது, போலிச் சரக்கை எந்த எழுத்துப் பிழையைக் கொண்டு கண்டுபிடிக்கலாம் என்பது வரை தன்னைப் போன்றவர்கள் படம் எடுத்துப் போட்ட பதிவுகளைப் படிப்பார். அங்கே நிறுவனத்தின் குரலில் எழுதிய விளம்பர வாசகத்தைவிட, சிறிய எண்ணிக்கையில் ரசிகர்கள் உள்ள ஒரு பயனரின் நிறைகுறைப் பதிவுக்கு மதிப்பு அதிகம். காசு கொடுத்து எழுதவைத்த பதிவுகளை வாசகர்கள் விரைவில் கண்டுகொள்கிறார்கள். தளமும் அவற்றை நீக்குகிறது. எனவே நேர்மையான சிறு பயனர்களிடம் பொருளைக் கொடுத்து, அவர்கள் குறை சொன்னாலும் பொறுத்துக்கொள்வதே இங்கே சரியான வழி என்று உறுதியாகச் சொல்வேன்.

அரட்டைச் செயலியான வீசாட் வேறு வகை. 2017 முதல் அதற்குள்ளேயே இயங்கும் சிறு செயலிகளில் நிறுவனம் தன் கடையை நடத்தலாம். ஏற்கெனவே வாங்கியவரைத் தக்கவைப்பதற்கும் உறுப்பினர் சலுகைகளுக்கும் அது உகந்தது. டிக்டாக்கின் சீன வடிவமான தோவ்யின், பார்த்த நிமிடத்திலேயே வாங்கத் தூண்டும் தளம். தாவ்பாவ், டிமால், ஜே.டி. ஆகிய இணையக் கடைத் தளங்களுக்கு மக்கள் வாங்கும் எண்ணத்தோடுதான் வருகிறார்கள்.

நேரலை விற்பனையாளர்களிடம் பொருளைக் கொடுப்பது நல்லதா?

விற்பனை எண்ணிக்கை உயரும்; கட்டுப்பாடு கையை விட்டுப் போகும். 2021 அக்டோபரில், நவம்பர் 11 விற்பனைத் திருவிழாவுக்கான முன்பதிவின்போது, லோரியல் பாரிஸ் முக அழகுக்காக ஒட்டிக்கொள்ளும் தன் முகமூடித் தாள்களின் பொட்டலத்தை, இணைய நேரலையில் பொருள் காட்டி விற்கும் அன்றைய இரு பெரும் விற்பனையாளர்களான லி ஜியாச்சி, வியா ஆகியோரிடம் கொடுத்தது. ஆண்டிலேயே மிகப் பெரிய சலுகை என்ற விளம்பரத்தோடு 50 முகமூடிகள் 429 யுவானுக்கு விற்றன. நவம்பரில் லோரியலின் சொந்த நேரலையில் சலுகைச் சீட்டுகளைப் பயன்படுத்தியவர்களுக்கு அதே அளவு 257 யுவான் சொச்சத்துக்குக் கிடைத்தது. முன்பே வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் புகார் செய்தார்கள். இரு விற்பனையாளர்களும் அந்த பிராண்டுடனான உறவை நிறுத்துவதாக அறிவித்தார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. உலகின் மிகப் பெரிய அழகுசாதன நிறுவனத்தின் விலையைப் பற்றி இரண்டு தனிநபர்கள் கணக்குக் கேட்கும் நிலை அது.

அடுத்த மாதமே காட்சி மாறியது. வரி ஏய்ப்புக்காக வியாவுக்கு 134.1 கோடி யுவான் அபராதமும் வரிப் பாக்கியும் விதிக்கப்பட்டன. அவருடைய கணக்குகள் ஒரே நாளில் எல்லாத் தளங்களிலிருந்தும் மறைந்தன. அவரை மட்டுமே நம்பி ஆண்டுத் திட்டம் போட்டவர்கள் என்ன ஆகியிருப்பார்கள்? 2023 செப்டம்பரில் ஹுவாஷிட்ஸு என்ற சீன பிராண்டின் 79 யுவான் புருவப் பென்சில் விலை அதிகம் என்று சொன்ன பார்வையாளரிடம், 'இத்தனை ஆண்டுகளில் உங்கள் சம்பளம் உயர்ந்ததா, ஒழுங்காக உழைத்தீர்களா என்று யோசியுங்கள்' என்ற பொருளில் லி ஜியாச்சி பேசியதால் எழுந்த கோபம் அவரோடு அந்த பிராண்டையும் சேர்த்துத் தாக்கியது. நிறுவனத்தின் சொந்த ஊழியர்கள் நடத்தும் நேரலை மெதுவாக வளரும் என்றாலும் அதைத்தான் முதலில் கட்ட வேண்டும்.

நவம்பர் 11 தள்ளுபடியில் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டுமா?

கட்டாயமில்லை. 2009இல் 27 பிராண்டுகளோடும் 5.2 கோடி யுவான் விற்பனையோடும் தொடங்கிய அலிபாபாவின் அந்த ஒருநாள் திருவிழா, 2020இல் பல நாள் நீண்டு 49,820 கோடி யுவானைத் தொட்டது. 2022 முதல் அலிபாபா மொத்தத் தொகையை அறிவிப்பதையே நிறுத்திவிட்டது. தொடர்ந்து தள்ளுபடிக்குப் பழகிய வாடிக்கையாளர் மற்ற மாதங்களில் வாங்காமல் காத்திருப்பார் என்பதையும், வாங்கிய பின் திருப்பி அனுப்பப்படும் சரக்கின் செலவையும் கணக்கில் சேர்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

எந்த வகைக் கலாசாரத் தவறுகள் அதிகச் சேதம் செய்கின்றன?

சிவப்பு மங்கலம், நான்காம் எண் ஆகாது என்பன போன்ற அறிவுரைகள் தவறில்லை. ஆனால் அவற்றை மீறியதால் எந்தப் பெரிய நிறுவனமும் விழவில்லை. விழவைத்தது தங்களைக் கேலி செய்கிறார்கள் என்ற உணர்வு.

2018 நவம்பரில் இத்தாலிய ஆடை நிறுவனமான டோல்ச்சே அண்ட் கபானா ஷாங்காயில் நடத்தவிருந்த பெரிய ஆடை அணிவகுப்புக்கு முன்னோட்டமாக மூன்று காணொளிகளை வெளியிட்டது. அவற்றில் சீன இளம்பெண் ஒருவர் பீட்ஸா, ஸ்பகெட்டி, கன்னோலி ஆகியவற்றைக் குச்சிகளால் தின்னத் தடுமாறுகிறார். பின்னணியில் ஓர் ஆண்குரல் அவருக்குக் கற்றுக்கொடுக்கிறது. கோபம் கிளம்பிய நேரத்தில், நிறுவனர்களில் ஒருவரான ஸ்டெஃபானோ கபானாவின் இன்ஸ்டாகிராம் கணக்கிலிருந்து சீனாவை இழிவுபடுத்தும் செய்திகள் சென்றதாகத் திரைப்பிடிப்புகள் பரவின. கணக்கு ஊடுருவப்பட்டது என்று நிறுவனம் சொன்னது, நம்பியவர்கள் குறைவு. அழைக்கப்பட்ட நடிகர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். நவம்பர் 21 அணிவகுப்பு அன்றே ரத்தானது. டிமால், ஜே.டி. தளங்களிலிருந்து பொருட்கள் மறைந்தன. இரு நிறுவனர்களும் கேமரா முன் அமர்ந்து மன்னிப்புக் கேட்டும் பழைய இடம் திரும்பவில்லை.

2003இல் டொயோட்டாவின் வண்டிக்குக் கற்சிங்கம் சல்யூட் அடிக்கும் விளம்பரமும், 2004இல் கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் குங்ஃபூ குருவையும் டிராகன்களையும் வெல்லும் நைக்கி விளம்பரமும் இதே காரணத்தால் விலக்கப்பட்டன. பின்னதை அரசே தடை செய்தது. பதினான்கு ஆண்டுகள் கழித்தும் அதே தவறு நடந்தது என்றால், காணொளிக்கு ஒப்புதல் தந்த அறையில் 'இது எங்களைப் புண்படுத்தும்' என்று சொல்லக்கூடிய, சொன்னால் கேட்கப்படக்கூடிய சீன ஊழியர் இல்லை என்றே கருத வேண்டியிருக்கிறது.

அரசியல் சிக்கலைத் தவிர்க்க முடியுமா?

முழுவதுமாக முடியாது. 2018 ஜனவரியில் மேரியட் தன் வாடிக்கையாளர் படிவத்தில் திபெத், ஹாங்காங், மக்காவ், தைவான் ஆகியவற்றைத் தனி நாடுகளாகப் பட்டியலிட்டதால் அதன் சீன இணையதளம் ஒரு வாரம் மூடவைக்கப்பட்டது. இது கவனக்குறைவு, சரிபார்த்திருந்தால் தவிர்த்திருக்கலாம். தென்கொரியாவின் லோட்டே நிறுவனத்தின் நிலை வேறு. அமெரிக்க ஏவுகணைத் தடுப்பு அமைப்புக்குத் தன் கோல்ஃப் மைதானத்தை அரசுக்கு விட்டுக்கொடுத்ததால், 2017இல் அதன் சீனப் பேரங்காடிகளில் பெரும்பாலானவை தீத்தடுப்பு விதிமீறல் என்ற காரணத்தின் பேரில் மூடப்பட்டன.

ஆடை நிறுவனமான எச் அண்ட் எம் சந்தித்தது இன்னும் கடினமானது. சீனாவின் வடமேற்கில் உள்ள ஷின்ஜியாங்கில் வீகர் சிறுபான்மை மக்கள் கட்டாய உழைப்புக்கு உள்ளாக்கப்படுவதாக வந்த அறிக்கைகள் கவலை தருகின்றன என்றும் அங்கிருந்து பருத்தி வாங்குவதில்லை என்றும் அந்நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிக்கை, 2021 மார்ச்சில் கம்யூனிஸ்ட் இளைஞர் அமைப்பு வெய்போ என்ற சமூக வலைத்தளத்தில் இட்ட பதிவால் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. சில மணி நேரத்தில் இணையக் கடைகளிலிருந்தும், வரைபடச் செயலிகளிலிருந்துகூட அதன் பெயர் நீக்கப்பட்டது. சீன அரசு அந்தக் குற்றச்சாட்டை மறுக்கிறது. சொந்த நாட்டு வாடிக்கையாளர்களுக்கும் சீன வாடிக்கையாளர்களுக்கும் ஒரே நேரத்தில் உவப்பான விடை இங்கே கிடையாது. மனித உழைப்பைப் பற்றிய கேள்வியைச் சந்தைப்படுத்தல் பிரிவிடம் விடக் கூடாது. எதற்காக நட்டத்தை ஏற்பது என்பதை நிர்வாகமே முன்னதாக முடிவு செய்திருக்க வேண்டும். சீன மொழியில் ஓர் அறிக்கையும் ஆங்கிலத்தில் அதற்கு மாறான அறிக்கையும் வெளியிடுவது இரு பக்கத்திலும் மதிப்பைக் கெடுக்கும்.

ஸ்டார்பக்ஸ் இவ்வளவு நன்றாக வேரூன்றியும் ஏன் பின்தங்கியது?

1999 ஜனவரியில் பெய்ஜிங்கில் முதல் கடையைத் திறந்த ஸ்டார்பக்ஸ், தேநீர் குடிக்கும் நாட்டில் காப்பியை விட உட்காரும் இடத்தையே விற்றது. நண்பர்களைச் சந்திக்கவும் வேலை பார்க்கவும் வசதியான அறைக்கு மக்கள் அந்த விலையைக் கொடுத்தார்கள். 2017இல் வந்த லக்கின் காஃபி அந்த அறையையே எடுத்துவிட்டது. சிறிய கடை, செயலியில் மட்டும் ஆர்டர், எடுத்துக்கொண்டு நடந்துவிடலாம், விலை ஏறக்குறைய பாதி. 2020இல் விற்பனையைப் பொய்யாகக் காட்டிய மோசடி அம்பலமாகி நாஸ்டாக் பங்குச் சந்தையிலிருந்து நீக்கப்பட்ட பிறகும் அது எழுந்தது. காரணம், கோப்பையில் இருந்த சரக்கு வாடிக்கையாளருக்குப் பிடித்திருந்தது. 2021இல் தேங்காய்ப் பால் லாட்டே, 2023 செப்டம்பரில் மாவ்தாய் மதுவின் மணம் கலந்த லாட்டே எனப் புதியவை வந்துகொண்டே இருந்தன. பின்னது முதல் நாளிலேயே 54.2 லட்சம் கோப்பைகள் விற்றது. அந்த ஆண்டு லக்கினின் விற்பனை ஸ்டார்பக்ஸின் சீன விற்பனையைத் தாண்டியது. 2025 நவம்பரில் ஸ்டார்பக்ஸ் தன் சீனக் கடை வணிகத்தில் 60 சதவீதம் வரையிலான பங்கை போயு கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்க ஒப்பந்தம் செய்துகொண்டது. மெக்டொனால்ட்ஸ் 2017லேயே பெரும்பான்மைப் பங்கைச் சிட்டிக், கார்லைல் கூட்டணிக்கு விற்றுக் கடைகளை வேகமாகப் பெருக்கியது. ஸ்டார்பக்ஸின் தலைமையகம் உள்ள சியாட்டிலில் முடிவெடுத்து இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்பதே இதன் பொருள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

சட்டத்தில் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

எல்லாவற்றுக்கும் முன் டிரேட்மார்க். சீனாவில் முதலில் பதிவுக்கு விண்ணப்பித்தவருக்கே பொதுவாக உரிமை. உலகெங்கும் புகழ்பெற்ற பெயர் என்பது தானாகக் காப்பாற்றாது. ஐபேட் பெயருக்காக ஆப்பிள் 2012இல் ஷென்ஜென்னின் புரோவியூ நிறுவனத்துக்கு 6 கோடி டாலர் கொடுத்தது. நியூ பேலன்ஸ் பயன்படுத்திவந்த சீனப் பெயர் வேறொருவர் பதிவில் இருந்ததால், 2015இல் குவாங்சோ நீதிமன்றம் 9.8 கோடி யுவான் இழப்பீடு விதித்தது. மேல்முறையீட்டில் அது 50 லட்சமாகக் குறைந்தது. தன் பெயரின் சீன எழுத்துகளுக்காக 2012இல் வழக்குத் தொடுத்த கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டான், 2016 டிசம்பரில்தான் உச்ச மக்கள் நீதிமன்றத்தில் ஒரு பகுதி வெற்றி பெற்றார். ஆகவே அசல் பெயரோடு சீனப் பெயரையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும்.

விளம்பரச் சட்டம் 2015 செப்டம்பர் முதல் கடுமையானது. 'மிகச் சிறந்தது', 'உச்சத் தரம்', 'தேசியத் தரம்' என்பன போன்ற சொற்களுக்கு 2 லட்சம் முதல் 10 லட்சம் யுவான் வரை அபராதம் உண்டு. பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பொருளுக்குப் பரிந்துரையாளராக்க முடியாது. இறக்குமதியாகும் பொதுவகை அழகுசாதனப் பொருட்களுக்கு, உற்பத்தித் தரச் சான்றும் பாதுகாப்பு மதிப்பீடும் இருந்தால், 2021 மே முதல் விலங்குச் சோதனை கட்டாயமில்லை. ஆனால் குழந்தைகளுக்கானவற்றுக்கு இந்த விலக்கு கிடையாது. வாடிக்கையாளர் தகவல்களைச் சேகரிப்பவர்கள் 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தையும் பார்க்க வேண்டும்.

மார்ச் 15ஐயும் மறக்கக் கூடாது. உலக நுகர்வோர் உரிமை நாளான அன்று சீன அரசுத் தொலைக்காட்சி நிறுவனங்களின் குறைகளை அம்பலப்படுத்தும் நிகழ்ச்சியை ஆண்டுதோறும் ஒளிபரப்புகிறது. 2013இல் ஆப்பிளின் பழுதுநீக்க உத்தரவாதம் சீனாவில் மட்டும் குறைவாக இருப்பதாக அதில் காட்டப்பட்டபோது, நிறுவனத்தின் அன்றைய தலைமை நிர்வாகி டிம் குக் சீன மொழியில் மன்னிப்புக் கடிதம் வெளியிட்டு விதிகளை மாற்றினார்.

சீனாவில் நிறுவனம் தொடங்காமலே சிறு உற்பத்தியாளர் விற்க முடியுமா?

முடியும். எல்லை கடந்த இணைய வணிகம் என்ற தனி வழி அதற்காகவே இருக்கிறது. 2014இல் தொடங்கிய டிமால் குளோபல் போன்ற தளங்களில் வெளிநாட்டு நிறுவனம் நேரடியாகக் கடை வைக்கலாம். சரக்கு ஹாங்சோ, நிங்போ, ஜெங்சோ போன்ற இடங்களின் சுங்கக் கட்டுப்பாட்டுக் கிடங்குகளில் காத்திருந்து, ஆர்டர் வந்ததும் வாங்குபவர் வீட்டுக்குப் போகும். 2019 முதல் ஒருவர் ஒரு தடவைக்கு 5,000 யுவானும் ஆண்டுக்கு 26,000 யுவானும் வரை இவ்வழியில் வாங்கலாம். அந்த வரம்புக்குள் சுங்கவரி இல்லை. மதிப்புக்கூட்டு வரியும் நுகர்வு வரியும் வழக்கமான தொகையில் 70 சதவீதமே. அரசு வெளியிட்ட பட்டியலில் உள்ள பொருட்களுக்கே இது பொருந்தும் என்பதை முதலில் சரிபார்க்க வேண்டும்.

வாங்குபவர்களையும் விநியோகஸ்தர்களையும் நேரில் காண, 2018 முதல் ஆண்டுதோறும் நவம்பரில் ஷாங்காயில் நடக்கும் சீனப் பன்னாட்டு இறக்குமதிக் கண்காட்சி உதவும். ஆனால் அங்கே பெயர்ப் பலகையை மாட்டும் முன்பே டிரேட்மார்க் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். விநியோகஸ்தர் 'உங்கள் சார்பில் நானே பதிவு செய்துவிடுகிறேன்' என்றால் மரியாதையாக மறுத்துவிட்டு, உங்கள் பெயரிலேயே செய்யுங்கள்.

கையில் இருக்கும் பணம் குறைவு. முதலில் எதில் செலவிட வேண்டும்?

டிரேட்மார்க் பதிவு முடிந்தவுடன், விளம்பரத்தில் அல்ல, வாடிக்கையாளருக்கு விடை சொல்லும் ஆட்களில் செலவிடுங்கள். தாவ்பாவ் காலத்திலிருந்தே சீன வாடிக்கையாளர் கேட்டுவிட்டு வாங்கிப் பழகியவர். இரவு பத்து மணிக்குக் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு அரட்டைப் பெட்டியைத் திறக்கும் தாய், இது எந்தத் தொகுதிச் சரக்கு, தயாரிப்புத் தேதி என்ன, எந்தக் கிடங்கிலிருந்து வருகிறது, உடைந்திருந்தால் யார் பொறுப்பு என்று கேட்பார். சில நிமிடங்களில் சீன மொழியில் தெளிவான பதில் வராவிட்டால் பக்கத்துக் கடையின் பெட்டியில் அதே கேள்வியைத் தட்டுவார். அந்த நேரத்தில் பதில் சொல்லவும், உடைந்த பொருளுக்கு மேலிடத்தைக் கேட்காமலே மாற்றுப்பொருள் அனுப்பவும் அதிகாரம் உள்ள இரண்டு ஊழியர்களை அங்கேயே நியமியுங்கள். அவர்களிடம் வரும் கேள்விகளை வாரம் ஒருமுறை தொகுத்து உற்பத்திப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள்; பொட்டலத்தின் அளவையும் அடுத்த பொருளையும் அவற்றைப் பார்த்தே தீர்மானிக்கலாம்.